தோன்றா எழுவாய்

அரபு மத்ரஸாவில் காலடி வைக்கும் பிள்ளை முதன்முதலிற் கற்கும் வாக்கியங்களுள் ஒன்று, "ளரப ஸைதுன் அம்ரன்" என்பதாகும். ஸைது அம்ரை அடித்தான் என்பது அதன் பொருள். எத்தனையோ நூற்றாண்டுகளாக, எத்தனையோ ஊர்களின் ஓதற்பள்ளிகளில், தான் செய்த குற்றம் இன்னதென்று அறியாமலே அம்ரு அடிபட்டு வருகிறான். சில மாதங்கள் கழிந்தபின் அதே வாக்கியம் உருமாறி வரும். "ளுரிப அம்ருன்", அம்ரு அடிக்கப்பட்டான். இப்போது ஸைது வாக்கியத்தை விட்டே போய்விட்டான். இவ்வகை வினைக்கு அரபு இலக்கண ஆசிரியர்கள் இட்ட பெயர் மஜ்ஹூல். அறியப்படாதது என்பது அச்சொல்லின் பொருள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடித்தவன் எழுந்து போனதும், அவன் அமர்ந்திருந்த இருக்கையில் அடிபட்டவனே வந்து அமர்வான். அடித்தவனுக்குரிய வேற்றுமைக் குறியையும் அவனே ஏற்றுக்கொள்வான். ஆகவே அவனுக்கு நாயிபு ஃபாயில், அஃதாவது செய்தவனின் பதிலாள், என்று பெயர்.

இலக்கணப் பாடத்துக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் தொடர்பு யாதென்று வாசகர் வினவலாம். சொல்கிறோம்.

இலங்கையின் வட மாகாணத்து முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து துரத்தப்பட்ட நிகழ்ச்சியையும், அதற்குச் சற்று முன்னர்க் கிழக்கில் நடந்த படுகொலைகளையும் பொருளாகக் கொண்ட கவிதைகள், கட்டுரைகள், நினைவு மலர்கள் ஆகியவற்றைக் கடந்த சில திங்களாக இராயபுரத்தில் எம் இல்லத்தில் வைத்துப் படித்து வந்தோம். அன்பர்கள் சிலர் சேர்த்துக் கொடுத்த கட்டு அது. படித்து முடித்தபோது எம் கண்களில் நீர் இருந்தது; உள்ளத்தில் ஒரு குறையும் இருந்தது. அக்குறைக்குப் பெயர் வைக்கச் சில நாள் ஆயிற்று. பெயர் மத்ரஸாப் பாடத்திலேயே கிடைத்தது. அவ்வெழுத்துகளின் பெரும்பகுதி மஜ்ஹூல் வினையால் எழுதப்பட்டிருக்கிறது. கொல்லப்பட்டனர், எரிக்கப்பட்டது, பறிக்கப்பட்டது, சிந்தப்பட்டது. எங்கும் அம்ரு இருக்கிறான். ஸைதைக் காணோம்.

முதலில் நிகழ்ச்சியைச் சுருங்கச் சொல்லிவிடுதல் நன்று. இன்றைய இளைஞர் பலர் இதனை அறியார்.

1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றிருந்தோர் மீது விடுதலைப் புலிகள் துப்பாக்கியால் சுட்டனர். சிறுவர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் தொழுத இடத்திலேயே மடிந்தனர். அவ்வியக்கம் பொறுப்பை மறுத்தது. உயிர் தப்பியோரின் சாட்சியம் அம்மறுப்பை ஏற்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொலையுண்டனர். அதே ஆண்டு அக்டோபரில் அவ்வியக்கம் வட மாகாணம் முழுவதிலுமிருந்து முஸ்லிம்களை வெளியேறுமாறு ஆணையிட்டது. யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் நாள் ஒலிபெருக்கி முழங்கிற்று. சோனக தெருவின் மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்திற் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு நீங்கச் சொன்னார்கள். சில உடுப்புகளும் சிறு தொகையும் தவிர நகையும் பணமும் வீட்டுப் பத்திரமும் அவர்களிடமே போயின. மன்னார்த் தீவினர் பலர் தோணிகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் புத்தளம் பகுதியின் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தனர். போர் 2009 மே மாதம் முடிந்தது. திரும்பிச் சென்றோர் சிலர். புத்தளத்திலேயே நிலைத்துவிட்டோர் பலர்.

இதனைப் பாடவந்த நம் கவிஞர்கள் பெரிதும் எடுத்தாளும் உவமை ஹிஜ்ரத். மக்கத்திலிருந்து மதீனம் சென்ற புனிதப் பயணத்தோடு இத்துயர நடையை ஒப்பிடுகிறார்கள். உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தின் மூன்றாம் காண்டத்துக்கே அப்பெயர் சூட்டியவர்; ஆகவே அச்சொல் தமிழ் முஸ்லிமின் செவிக்கு இனிது. எனினும் சொல் பொருந்தவேண்டுமன்றோ? ஹிஜ்ரத் என்பது நாட்டத்தோடு செய்வது. செய்தவனுக்கு நற்கூலி உண்டு. மன்னார்த் தாய் எந்த நாட்டத்தோடு தோணி ஏறினாள்? அவளுக்கு நேர்ந்ததற்கு அரபியில் வேறு சொல் உண்டு. இஃக்ராஜ், வெளியேற்றுதல். குர்ஆன் ஷரீஃபும் மக்கத்து அகதிகளை, தம் இல்லங்களிலிருந்து வெளியேற்றப்பட்டோர் என்றே குறிக்கின்றது. ஹிஜ்ரத் என்னும் சொல்லை இங்கே இட்டால் துரத்தியவனின் செயல் துரத்தப்பட்டவளின் செயலாகிவிடும். அம்ரு ஸைதின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறான்!

தமிழிலும் இதே விபத்து நேர்கிறது. வெளியேறினர் என்பது தன்வினை. வெளியேற்றினர் என்பது பிறவினை. ஒரு றகரமெய்தான் கூடுதல். அவ்வொற்றுக்குள் ஒலிபெருக்கியும் துப்பாக்கியும் இரண்டு மணி நேரக் கெடுவும் அடங்கியிருக்கின்றன. நினைவு மலர்களில் அம்மெய் எத்தனை இடங்களில் உதிர்ந்து கிடக்கிறது! "இடம்பெயர்ந்தோர்" என்னும் அலுவலகச் சொல்லோ இன்னும் மெல்லியது. காற்றில் மேகம் பெயர்ந்தது போன்று ஒலிக்கின்றது. எம் இராயபுரத்தாருக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு. 1960களில் சென்னைத் துறைமுகத்தில் ஒற்றை மூட்டையோடு வந்திறங்கிய பர்மாத் தமிழரைப் பற்றிப் பேசுகையில், "அவர்கள் அங்கிருந்து வந்தவர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். கடைகளை அரசுடைமையாக்கி அவர்களை வெறுங்கையோடு அனுப்பிய இராணுவ ஆட்சியை அவ்வாக்கியத்தில் யார் தேடுகிறார்?

செய்தவனைச் சொல்லாது விடுவதற்கு அரபு இலக்கண ஆசிரியர்கள் காரணங்களை வகுத்துள்ளனர். அவன் யாரென்பது எல்லார்க்கும் தெரிந்திருத்தல் ஒன்று. யாரென்பதே தெரியாதிருத்தல் மற்றொன்று. அவனுக்கு அஞ்சுதல் மூன்றாவது. அவன்பொருட்டு அஞ்சுதல், அஃதாவது பெயரைச் சொன்னால் அவனுக்குத் தீங்கு வருமே என்று கவலுதல், நான்காவது. போர்க்கால இலக்கியத்தை அளக்க இந்நான்கினும் சிறந்த கோல் எமக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது காரணத்தை நாம் குறைகூறமாட்டோம். துப்பாக்கியின் நிழலில் வாழ்ந்தவன் மஜ்ஹூல் வினையால் எழுதினால் அது அவன் உயிரின் கவசம். அக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழுதியவரும் இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களாகிய ராஜினி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கோ. சிறீதரன் ஆகிய நால்வர் ஆங்கிலத்தில் எழுதிய "முறிந்த பனை", இலங்கை அரசுப் படையையும், இந்திய அமைதிப் படையையும், விடுதலைப் புலிகளையும், பிற இயக்கங்களையும் அவரவர் செய்த செயலோடு பெயர் சொல்லி நிறுத்துகிறது. நூல் 1990இல் வெளிவந்தது. அதனைக் காண ராஜினி இல்லை. 1989 செப்டம்பர் 21ஆம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எழுவாய் எழுதுவதற்கு விலை யாதென்று அந்நாளைய யாழ்ப்பாணம் அறிந்திருந்தது. தம் இனத்தின் பெயரால் ஏந்தப்பட்ட ஆயுதத்தைத் தாமே கேள்வி கேட்டனர் என்பதில்தான் அந்நூலின் பெருமை இருக்கிறது.

கவிதையில் இதற்கு நிகரான ஒன்றைக் காட்டுமாறு கேட்டால், நாம் கல்முனைக் கவிஞர் எம். ஏ. நுஃமானின் "புத்தரின் படுகொலை"யைக் காட்டுவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டதைப் பற்றியது அது. புத்தர் சுடப்பட்டு இறந்தார் என்னும் கனவோடு கவிதை தொடங்குகிறது. ஆயின் அங்கேயே நின்றுவிடவில்லை. சாதாரண உடையில் வந்த அரச காவலரே கொன்றவர் என்பதைக் கவிஞர் உடனே சொல்லிவிடுகிறார். மஜ்ஹூலில் தொடங்கி மறுகணமே மஃரூஃபுக்கு, செய்தவனை அறிவிக்கும் வினைக்கு, வந்துவிடும் அழகு அது. இன்னொன்றும் கருதத்தக்கது. எரிந்தது யாழ்ப்பாணத்தாரின் நூலகம். அழுதவர் கிழக்கிலங்கை முஸ்லிம். அயலானின் இழப்பைத் தன் இழப்பாகக் கொள்ளும் அவ்வுள்ளம் ஒன்பதாண்டுகளுக்குப் பின் மறுபுறத்திலிருந்து எவ்வளவு திரும்பி வந்தது என்று கணக்கிட்டால் துயரமே மிஞ்சும். வந்த குரல்கள் சில. அவை மறக்கத்தக்கன அல்ல.

போர் முடிந்தபின் வந்த நூல்களுள் ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் எழுதிய "உம்மத்" நாவலை இவ்விடத்தில் நினைக்கிறோம். தவக்குல் என்னும் முஸ்லிம் பெண்ணும், இயக்கத்தில் இருந்து மீண்ட யோகா, தெய்வானை என்னும் இருவரும் அதன் மையம். சில இடங்களில் கருத்து முந்திக்கொண்டு கதை பின்தங்குகிறது, உரையாடல் சொற்பொழிவாகிறது. எனினும் 1990இன் இரத்தம் தோய்ந்த ஊரிலிருந்து எழுதவந்த ஒருவர், துப்பாக்கி ஏந்திய பெண்ணைப் பேயாகத் தீட்டாமல், உடல் சிதைந்து ஊராரால் ஒதுக்கப்பட்ட மனுஷியாகக் கண்டிருக்கிறார். தம் சமுதாயத்தின் குறைகளையும் ஒளிக்கவில்லை. ஸைதுக்கு முகம் கொடுத்துவிட்டால் அவன் குற்றம் குறைந்துவிடுமென்று அஞ்சுவோர் இந்நாவலைப் படிக்கட்டும். முகம் தெரிந்த பின்னரே குற்றத்தை முழுமையாக அறிய முடிகிறது.

இனி நான்காவது காரணத்துக்கு வருகிறோம். இங்கேதான் எம் பேனாவும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு நினைவுக் கட்டுரை எழுதினோம். காத்தான்குடிப் பள்ளிவாசலைப் பற்றி நான்கு பக்கம். செய்தவர் யார் என்பதை ஒளிவுமறைவின்றி எழுதினோம். இறுதியில் நடுநிலை கருதி ஒரு வரி சேர்த்தோம். அக்காலத்தில் வீரமுனை முதலிய தமிழ் ஊர்களிலும் சில துயரங்கள் நேர்ந்தன என்பதே அவ்வரி. எம்மோடு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர், சைவர், இலக்கணத்தில் கண்டிப்பானவர். கட்டுரையைப் படித்துவிட்டு அவ்வரியின்கீழ்ச் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு எம்மிடம் நீட்டினார்.

"ஹஜ்ரத், நான்கு பக்கத்திலும் எழுவாய் இருக்கிறது. இந்த ஒரு வரியில் மட்டும் துயரங்கள் தாமாகவே நேர்ந்திருக்கின்றனவே!" என்றார்.

நாம் சினந்தோம். தோன்றா எழுவாய் என்பது இலக்கணத்தில் உள்ளதுதானே என்று வாதிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "தோன்றா எழுவாயை வினைமுற்றின் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். வந்தான் என்றால் அவன் ஒருவன் இருக்கிறான். உங்கள் வரியில் துயரத்தையே எழுவாயாக்கி ஆளை மறைத்துவிட்டீர்கள்" என்று கூறிச் சென்றுவிட்டார்.

அன்றிரவு அவ்வரியைத் திருத்தி எழுத முயன்றோம். 1990 ஆகஸ்ட் 12ஆம் நாள், அம்பாறை மாவட்டத்து வீரமுனையில், பிள்ளையார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழரை, அரசு ஆயுதம் கொடுத்த முஸ்லிம் ஊர்காவல் படையினர் தாக்கினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்வளவுதான் வாக்கியம். இதனை எழுதி முடிக்க எமக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முஸ்லிம் என்னும் சொல்லை எழுவாயின் பக்கத்தில் வைக்கக் கை கூசிற்று. தொழுகையாளரைச் சுட்டவனின் பெயரை எழுதியபோது கூசாத கை, கோவிலில் ஒளிந்தோரைக் கொன்றவனின் பெயரை எழுதுகையில் ஏன் கூசவேண்டும்? அவன்பொருட்டு அஞ்சினோம். நான்காம் காரணம்!

சூரத்துன் நிஸாவின் 135ஆம் வசனம், தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாய் நிற்குமாறு பணிக்கிறது. அதனை எத்தனை முறை மாணவர்க்கு ஓதிக்கொடுத்திருக்கிறோம்! ஷஹீத் என்னும் சொல்லும் ஷாஹித் என்னும் சொல்லும் ஒரே வேரின் கிளைகள். முன்னது இறைவழியில் உயிர் நீத்தவரைக் குறிக்கும், பின்னது சாட்சியை. எம் நினைவு மலர்களில் ஷஹீதுகளின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. ஷாஹிதுகளோ அரியர். அவ்வரியவருள் ஒருவராக மன்னாரில் பிறந்த புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ்வைச் சொல்லலாம். துரத்தப்பட்டோர் விட்டுவந்த வீடு, வயல், பள்ளிவாசல் ஆகியவற்றைக் கணக்கெடுப்பதில் பல்லாண்டுகளைச் செலவிட்டு 2018இல் மறைந்தார். அவருடைய கணக்குகளில் கண்ணீர்ச் சொற்களைக் காண இயலாது. ஆயினும் பல கவிதைகளினும் அவை கனமானவை.

எழுவாயை எழுதினால் பகை வளருமே, பழங்காயத்தைக் கிளறலாமா என்று நல்லோர் சிலர் கேட்கின்றனர். எம் எண்ணம் இதற்கு நேர்மாறானது. செய்தவனின் பெயரை விட்டுவிட்டால் அப்பழி காற்றில் கரைந்து போவதில்லை. அக்கம்பக்கத்தில் இருப்போர் அனைவர்மீதும் படிந்துவிடுகிறது. இயக்கம் துரத்தியது என்று எழுதாதபோது, தமிழர் துரத்தினர் என்று பிள்ளைகள் பேசத் தொடங்குகின்றனர். ஊர்காவல் படையினர் கொன்றனர் என்று எழுதாதபோது, சோனகர் கொன்றனர் என்று மறுபுறத்துப் பிள்ளைகள் பேசுகின்றனர். சூரத்துல் மும்தஹினாவின் 8, 9ஆம் வசனங்கள் இந்நுட்பத்தையே போதிக்கின்றன. தம்மோடு போரிட்டு இல்லங்களிலிருந்து வெளியேற்றியவரை அவை வேறாகவும், அவ்வாறு செய்யாதவரை வேறாகவும் பிரிக்கின்றன; பின்னவருக்கு நன்மையும் நீதியும் செய்வதைத் தடுக்கவில்லை. அங்கே வினை செய்வினையாகவே நிற்கிறது. எழுவாயைத் துல்லியமாக எழுதுவதனால் குற்றமற்ற அயலான் காக்கப்படுகிறான்.

இதனை எமக்கு நூலினும் தெளிவாக உணர்த்தியவர் ஒரு மூதாட்டி. மன்னார்த் தீவில் பிறந்து, புத்தளத்து முகாமில் மூப்படைந்து, மருத்துவத்துக்காகச் சென்னை வந்து இராயபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். எழுதப் படிக்க அறியாதவர். "உம்மா, உங்களைப் போகச் சொன்னது யார்?" என்று கேட்டோம்.

"எங்கட பெடியள்தான் மௌலவி, வேற ஆரு? வாசலில வந்து நிண்டவன் எங்கட கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தவன். என்ர முகத்தைப் பாக்காமத்தான் சொன்னவன்."

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு அவரே தொடர்ந்தார். "பக்கத்து வீட்டு வேதக்கார அக்கா அழுதவ. கோழிக்குத் தீன் நான் போடுறன், நீங்க வந்திருவீங்க எண்டு சொன்னவ."

நினைவு மலர்கள் பல சொல்லாததை இரண்டு வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார். துரத்தியவனுக்கு ஓர் எழுவாய். அழுதவளுக்கு ஓர் எழுவாய். ஒன்றை மற்றொன்றின் தலையில் ஏற்றவில்லை. துரத்தியவனையும் "எங்கட" என்றாரே, அவ்வொரு சொல்லுக்கு உரை எழுத எம் புலமை போதாது.

நம் முன்னோரின் இலக்கியத்தில் இதற்கு அடித்தளம் இல்லாமலில்லை. போர் தொடங்குமுன் பசுக்களையும் பெண்டிரையும் பிணியாளரையும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவித்த அறத்தை, முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார் புறநானூற்றின் 9ஆம் பாட்டில் பதிந்து வைத்தார். படை புறப்பட்டபோது பெண்டிரையும் சிறாரையும் முதியோரையும் கொல்லாதீர், கனிமரங்களை வெட்டாதீர் என்று அபூபக்கர் சித்தீக் (ரலி) தளபதிக்குக் கட்டளையிட்டதை இமாம் மாலிக்கின் முவத்தா பதிந்து வைத்தது. இரண்டிலும் ஆணையிடுவோன் யாரென்பது ஒளிக்கப்படவில்லை. பழந்தமிழ் மன்னனின் அறிவிப்பு எளியோரைக் காத்தது. 1990இன் ஒலிபெருக்கியும் அறிவிப்பே செய்தது. எளியோரை வேரறுக்க அறிவிப்பையே ஆயுதமாக்கியது. தமிழ் வீரத்தைப் பாடுவோர் இவ்விரு அறிவிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

2002 ஏப்ரல் 10ஆம் நாள் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், தலைவர் பிரபாகரன் அருகிருக்க, ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்து, நடந்ததை மறந்து மன்னிக்க வேண்டினார். செய்தவரின் வாயிலிருந்தே எழுவாய் ஓரளவு வெளிப்பட்ட நாள் அது. ஆயின் மன்னிப்பு முழுமை பெற, யார், எதனை, யாருக்குச் செய்தார் என்னும் வாக்கியம் முழுமை பெறவேண்டும். 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கும் இதுவே விதி. ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் அளித்த அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள்மீதும் மருத்துவமனைகள்மீதும் குண்டு பொழிந்ததாக அரசுப் படையையும், மக்களைக் கேடயமாக நிறுத்தித் தப்ப முயன்றோரைச் சுட்டதாகப் புலிகளையும் ஒருங்கே குற்றஞ்சாட்டியது. அவ்விறுதிப் போரைப் பாடுவோர் பலர் இருவருள் ஒருவரை மட்டுமே எழுவாயாக்குகின்றனர். முள்ளிவாய்க்காலில் மாண்ட தமிழ்க் குழந்தைக்காக நம் ஏடுகள் அழுத அழுகை போதுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவும் கடமைப்பட்டுள்ளோம்.

இனி எழுதவரும் இளங்கவிஞர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் கண்ணீரை நாம் குறைத்து மதிக்கவில்லை; இரங்கற்பா பாடுவது உரிமையும் கூட. பாடி முடித்தபின் ஒருமுறை சிவப்பு மையோடு அமருங்கள். ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் எங்கே என்று தேடுங்கள். தெரியாததாயின் தெரியாதென்றே எழுதுங்கள். அச்சத்தால் விட்டதாயின் அல்லாஹ் பொறுப்பானாக. அன்பினால், நம்மவனாயிற்றே என்னும் அன்பினால் விட்டதாயின், அவ்விடத்தில் பேனாவை ஊன்றி நிறுத்துங்கள்.

அத்தமிழாசிரியர் ஓய்வுபெற்றுச் சென்றுவிட்டார். திருத்திய வரியை அவருக்கு அனுப்பினோம். திரும்பி வந்த தாளில் அவ்வரியின்கீழ் ஒன்றுமில்லை. ஓரத்தில் மட்டும், சரி என்பதற்குரிய சிறு குறி.